மேசைக்கும் குசினிக்கும் இடையில்

போன மாசியில் எங்கள் 31ஆவது கலியாண நாள் வந்தது. வழமையாக ஈஸ்ட்ஹாமுக்குப் போய் மசாலாத் தோசையும் கோப்பியுமாக முடித்துவிடுவோம். இந்த முறை மனுசி வேறு கதை சொன்னாள். “தோசையும் வேண்டாம், கொத்துரொட்டியும் வேண்டாம். வந்த புதிதில் நீங்கள் கோப்பை கழுவினீங்களே, அந்த மாதிரி ஒரு இந்தியன் ரெஸ்டாரண்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒரு நாளாவது முன்வாசலால போய் இருந்து சாப்பிடுவம்.”

லண்டனின் கிழக்கு ஓரத்தில், எசெக்ஸ் எல்லையை ஒட்டிய ஒரு கடைத்தெருவில் அப்படியொரு கடை இன்னும் இருக்கிறது. சிவப்புக் கம்பளம், வெல்வெட் பூப்போட்ட சுவர்த்தாள், கதவடியில் சின்ன பார். சனிக்கிழமை இரவு ஏழரைக்கு மேசை பதிந்திருந்தேன்.

உள்ளே போனதும் ஒரு வயதான வெயிட்டர் வந்தார். எழுபதை நெருங்கியிருப்பார். மனுசியின் மேற்சட்டையை வாங்கிக் கொழுவினார், கதிரையை இழுத்துவிட்டார், இரண்டு நிமிடத்தில் பப்படமும் நான்கு கிண்ணத் தட்டும் கொண்டுவந்து வைத்தார். மாங்காய்ச் சட்னி, வெங்காயச் சம்பல், எலுமிச்சை ஊறுகாய், புதினாத் தயிர் என்று எல்லாம் அந்தக் காலத்து ஒழுங்கிலேயே இருந்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு இளம் பொடியன் வந்து இன்னொரு தட்டுப் பப்படத்தை வைத்துவிட்டுப் போனான். ஓடரையும் அவன்தான் எடுத்தான். “டன்சாக் கறியில் என்ன பருப்பு?” என்று மனுசி கேட்டதற்கு அவனுக்குப் பதில் தெரியவில்லை. நாற்பது நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு வெங்காய பஜிக்கு முதலே இறைச்சிக்கறி வந்தது. சோறு வந்தபோது கறி ஆறியிருந்தது. நாண் ரொட்டி கடைசிவரை வரவில்லை. பக்கத்து மேசையில் ஆறு பேர், வழமையான வாடிக்கையாளர்கள் போல, எல்லாம் ஆவி பறக்கப் பறக்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெரியவர் தூரத்தில் நின்று எங்கள் மேசையைக் கவனித்திருக்கிறார். வந்தார், ஒன்றும் பேசவில்லை, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் புதிதாகச் சமைத்த கறியோடு திரும்பி வந்து, மெழுகுதிரிச் சூட்டடுப்பை மேசை நடுவில் வைத்து, ஒரு கையில் இரண்டு கரண்டிகளைப் பிடித்துச் சோற்றை ஒரு பருக்கை சிந்தாமல் கோப்பையில் இட்டார்.

“இஞ்சாருங்கோ, ஒரே மேசையில இருந்து இரண்டு கடையில சாப்பிட்ட மாதிரிக் கிடக்கு” என்றாள் மனுசி.

அவள் சொன்னதை அன்றிரவு முழுக்க யோசித்தேன். அந்தப் பெரியவரின் கைக்கும் அந்தப் பொடியனின் கைக்கும் இடையில் இருப்பது இந்தத் தொழிலின் முழு வரலாறு. அந்தத் தொழிலின் அடித்தளத்தில் நான் நான்கு வருடம் நின்றவன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

லண்டனில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் உணவகம் 1810இல் திறக்கப்பட்டது. போர்ட்மன் சதுக்கத்துக்குப் பக்கத்தில், ஜோர்ஜ் தெரு 34ஆம் இலக்கம், பெயர் இந்துஸ்தான் கோப்பிக் கடை. நடத்தியவர் பாட்னாவில் 1759இல் பிறந்த தீன் முகமது. கிழக்கிந்தியக் கம்பனியின் படையில் இருந்தவர், தன் அதிகாரியோடு அயர்லாந்துக்கு வந்து, அங்கே ஓர் ஐரிஷ் பெண்ணைக் கலியாணம் செய்து, 1794இல் ஆங்கிலத்தில் தன் பயணங்களைப் புத்தகமாக எழுதியவர். மூங்கில் கதிரை, சுவரில் இந்தியக் காட்சிகள், தனியறையில் ஹுக்கா என்று, இந்தியாவிலிருந்து பணத்தோடு திரும்பிய வெள்ளைக்காரக் கனவான்களுக்காகவே கடையை அமைத்தார். ஆனால் அந்தக் கனவான்களின் வீடுகளில் இந்தியச் சமையற்காரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். கறி சாப்பிட அவர்கள் வெளியே போக வேண்டியிருக்கவில்லை. 1812இல் தீன் முகமது வங்குரோத்தானார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என் மனதில் நிற்கிறது. 1813இல், கடை முதலாளியாக இருந்த அதே மனிதர், ஒரு கனவான் வீட்டில் பணியாளாக வேலை தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். சட்டியும் மேசையும் கையைவிட்டுப் போனபின் அவரிடம் மிஞ்சியிருந்தது பரிமாறும் திறமை மட்டும். பிறகு பிரைட்டனுக்குப் போய் ஆவிக்குளியலும் உடம்புபிடித்தலுமாகப் பெயர் எடுத்து, நான்காம் ஜோர்ஜ் மன்னருக்கே அந்தப் பணியைச் செய்தார் என்பது இன்னொரு கதை. 2005இல் வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை அந்தத் தெருவில் அவருக்கு ஒரு பச்சைப் பலகை வைத்தது. இப்போதைய 102ஆம் இலக்கத்தில் அதைப் பார்க்கலாம்.

அடுத்த பெரிய பெயரைக் கேட்டால் எங்கள் காது நிமிரும்: வீராசாமி. ரீஜன்ட் தெருவில் 1926இல் திறந்த கடை. பெயர்தான் வீராசாமி. தொடங்கியவர் எட்வர்ட் பாமர், ஓர் ஆங்கிலத் தளபதிக்கும் முகலாயப் பெண்மணிக்கும் பிறந்த வழியில் வந்தவர். அதற்கு முன்பே வீராசாமி என்ற பெயரில் மசாலாத் தூள் கம்பனி நடத்தியவர். 1924இல் வெம்பிளியில் நடந்த பேரரசுக் கண்காட்சியில் இந்திய மண்டபத்தின் சாப்பாட்டைக் கவனித்தவரும் அவரே. தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள், வாசலில் இந்திய உடையில் காவலாள் என்று, கல்கத்தா, மெட்ராஸ் கிளப்புகளில் துரைமாருக்கு நடந்த உபசாரத்தை லண்டனுக்குக் கொண்டுவந்தார். இந்தியாவில் வேலை முடித்து ஓய்வுபெற்று வந்தவர்கள் பழைய வாழ்க்கையை ஒரு சாப்பாட்டு நேரத்துக்கு மீட்டுக்கொள்ளும் இடமாக அது இருந்தது.  2016இல் அந்தக் கடைக்கு மிஷெலின் நட்சத்திரமும் கிடைத்தது.

நான் வேலை செய்த வகைக் கடையின் வேர் ரீஜன்ட் தெருவில் இல்லை. அது கப்பலின் அடித்தட்டில் இருக்கிறது.

பிரித்தானிய நீராவிக் கப்பல்களில் நிலக்கரி அள்ளிப் போட்ட தொழிலாளரில் பெரும் பங்கினர் சில்ஹெட் மாவட்டத்து ஆட்கள். இன்றைய வங்காளதேசத்தின் வடகிழக்கு மூலை. அடுப்படியில் நிற்பவனை ‘ஆக்வாலா’ என்பார்கள், நெருப்புக்காரன். ஆளைச் சேர்த்துவிடுபவர் சாரங். அதே கப்பலில் வேலை செய்த வெள்ளைக்காரனைவிடச் சம்பளம் மிகக் குறைவு, வெக்கை தாங்க முடியாது. லண்டன், கார்டிஃப், லிவர்பூல் துறைமுகங்களில் சிலர் இறங்கித் திரும்பிப் போகாமல் விட்டார்கள். மொழி தெரியாத ஊரில் அவர்களுக்குக் கிடைத்த வேலை உணவகக் குசினியில் உருளைக்கிழங்கு உரிப்பதும் கோப்பை கழுவுவதும். வீராசாமிக் குசினியிலும் அப்படிப் பலர் நின்றார்கள், தொழிலை அங்கே பார்த்துப் பழகினார்கள்.

கிழக்கு லண்டனில் கமர்ஷல் தெரு 76ஆம் இலக்கத்தில் ஆயுப் அலி என்பவர் ஷாஜலால் என்ற கடையை நடத்தினார். பக்கத்தில் சாண்டிஸ் ரோ 13ஆம் இலக்க வீட்டையும் கப்பலிலிருந்து இறங்கி வந்தவர்களுக்குத் திறந்துவைத்திருந்தார். படுக்க இடம், சாப்பாடு, ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தல், பொலிஸ் பதிவு எல்லாம் அங்கே நடந்தது. அதே காலத்து ஷா அப்துல் மஜீத் குரேஷி 1938இல் விண்ட்மில் தெருவில் தில்குஷ் என்ற உணவகத்தைத் திறந்தார். 1943இல் இருவருமாகச் சேர்ந்து இந்தியக் கடலோடிகளுக்கான நலச்சங்கத்தை அமைத்தார்கள். கடையும் சங்கமும் அகதி மடமும் ஒரே ஆட்களின் கையில் இருந்தன. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இந்த நகரத்தில் வந்து இறங்கிய எங்களுக்கு அந்தப் படம் புதிதல்ல. எங்களுக்கும் ஒரு 13ஆம் இலக்க வீடு எங்காவது இருந்தது.

உலகப்போர் முடிந்தபோது லண்டனில் குண்டு விழுந்து பாழடைந்த சிறுகடைகள் மலிவாகக் கிடந்தன. சில்ஹெட்காரர் இரண்டு மூன்று பேராகப் பணம் போட்டு வாங்கினார்கள். முதலில் மீனும் சிப்ஸும் விற்றார்கள், பக்கத்தில் ஒரு சட்டியில் கறியும் சோறும். அந்த நாட்களில் பப்புகள் இரவு 11 மணியளவில் மூடிவிடும். அதற்குப் பிறகு ஒரு மனிதனுக்குச் சுடச்சுடச் சாப்பாடு கிடைத்த இடம் பெரும்பாலும் இவர்களின் கடைதான். குடித்துவிட்டு வந்தவன் சிப்ஸோடு கொஞ்சம் கறிக் குழம்பும் கேட்டான். பிறகு கறியே கேட்டான். பிரித்தானியாவின் சின்னச் சின்ன ஊர்களிலெல்லாம் ஒரு ‘இந்தியன்’ வந்தது அந்த நள்ளிரவு மணித்தியாலங்களால்தான். 1960இல் பாகிஸ்தான் உணவு வழங்குநர் சங்கம் என்று பதிந்தார்கள். 1971இல் வங்காளதேசம் தனிநாடான பிறகு அது வங்காளதேசச் சங்கமானது. கடைப் பலகையில் மட்டும் எப்போதும் ‘இந்தியன்’.

நான் 1987இல் வந்தேன். மூன்றாவது கிழமையே கென்ட் பக்கம் ஒரு கடையில் வேலை. வாரம் 70 பவுண், கடிதவுறையில், மேல்மாடியில் ஐந்து பேரோடு படுக்கை. சில்ஹெட் முதலாளி, சில்ஹெட் சமையற்காரர்கள், கோப்பை கழுவ யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் இரண்டு பேர். அந்த நாட்களில் ஐரோப்பா முழுக்க எங்கள் ஆட்களின் முதல் வேலை கோப்பை கழுவுவது. வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் அதை ஒருவரும் எழுதுவதில்லை.

காலை பத்து மணிக்கு ஒரு மூட்டை வெங்காயம் உரிக்க வேண்டும். அதை இஞ்சி, உள்ளி, கொஞ்சம் காரட்டோடு பெரிய அண்டாவில் மணிக்கணக்காக அவித்து அரைத்தால் கிடைக்கும் குழம்புதான் எல்லாக் கறிக்கும் அடித்தளம். இறைச்சி வேறாக அரைவேக்காட்டில் இருக்கும். ஓடர் வந்ததும் சின்னத் தாச்சியில் எண்ணெய், தூள், ஒரு அகப்பை அடிக்குழம்பு, இறைச்சி, ஆறு ஏழு நிமிடம். மிளகாய்த்தூள் கூடக் கூடப் பெயர் மாறும்: கொர்மா, மெட்ராஸ், விண்டலு. மெட்ராஸில் அப்படியொரு கறி இல்லை என்று நான் முதலாளியிடம் சொன்னபோது, “இங்கே இருக்கிறது” என்று அமைதியாகச் சொன்னார். முதல் பக்கத்தில் இருந்த ‘மலகட்டானி’ சூப் எங்கள் மிளகுதண்ணி என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

குசினி நிலக்கீழ் அறையில். மேலேயும் கீழேயும் சாப்பாட்டைக் கொண்டுபோகும் கயிற்றுப் பெட்டி ஒன்று சுவருக்குள் ஓடும். தலைமை வெயிட்டரை எல்லோரும் பெரிய பாய் என்போம். தன் சிற்றப்பனின் கடையில் பத்தொன்பது வயதில் தட்டுத் தூக்கப் பழகியவர். ஓடரை இரட்டைத் தாளில் எழுதி ஒன்றைப் பெட்டியில் கீழே அனுப்புவார். ஆனால் பிரதான கறியைச் சமைக்கச் சொல்லமாட்டார். மேசையில் முதல் சாப்பாடு பாதி முடிகிற நேரம் பார்த்து, பெட்டி வாசலில் குனிந்து, “ஏழு போகட்டும்” என்று குரல் கொடுப்பார். அப்போதுதான் தாச்சி அடுப்பில் ஏறும். அந்த மேசைக்காரர் கடைசிப் பஜியை விழுங்கித் தண்ணீர் குடித்து முடிக்க, கறி ஆவியோடு வந்து நிற்கும். பதினெட்டு மேசைக்கும் அவர் கண்ணில்தான் மணிக்கூடு இருந்தது. சாப்பாடு முடிந்ததும் சுடுதண்ணீர்த் துவாய், தோடம்பழத் துண்டு, புதினாச் சொக்லேட். நல்ல சேவை என்று நான் அறிந்தது இதைத்தான், குசினிக்கும் மேசைக்கும் இடையில் ஒரு மனிதன் நின்று நேரத்தைப் பிடித்துக்கொடுப்பது.

அதே பெரிய பாய் மீது ஒரு சனிக்கிழமை இரவு பியர் ஊற்றினார்கள். எட்டுப் பேர், பப் மூடியபின் வந்தவர்கள், காசு கொடுக்காமல் ஓடியும் விட்டார்கள். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து அடுத்த மேசைக்குப் பப்படம் வைத்தார். இது ஒரு கடையில் ஒரு நாள் நடந்ததல்ல. 1998இல் பிபிசியில் தெற்காசியக் கலைஞர்கள் ஒரு நகைச்சுவைக் காட்சியில் இதைத் தலைகீழாக்கி, இந்தியர் கூட்டம் ஒன்று ஓர் ஆங்கில உணவகத்துக்குப் போய் அட்டகாசம் செய்வதாகக் காட்டியபோது நாடே சிரித்தது. நாடே புரிந்துகொண்டது என்றால், நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்றுதான் அர்த்தம். சேவை சரியில்லை என்று எழுதுபவர்கள், சேவை செய்தவனுக்கு நடந்ததை எழுதியது குறைவு.

கிளாஸ்கோவில் 1964இல் திறந்த ஷிஷ் மஹால் என்ற கடையின் அலி அஹ்மத் அஸ்லம் ஒரு கதை சொல்லுவார். எழுபதுகளில் ஒரு வாடிக்கையாளர், கோழி டிக்கா வறண்டுபோய் இருக்கிறது, கொஞ்சம் குழம்பு வேண்டும் என்றாராம். தக்காளி சூப்பும் மசாலாவும் தயிரும் கலந்து ஊற்றிக் கொடுத்தாராம். சிக்கன் டிக்கா மசாலா அப்படிப் பிறந்தது என்பது அவர் சொன்னது. வேறு பலரும் உரிமை கோருகிறார்கள். 2001இல் வெளியுறவு அமைச்சர் ரொபின் குக் அதைப் பிரித்தானியாவின் தேசிய உணவு என்று மேடையில் சொன்னார். அஸ்லம் 2022 மார்கழியில் காலமானார். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஒன்று. மேசையில் சொல்லப்பட்ட குறை குசினிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நடுவில் ஒருவர் நின்று காது கொடுத்திருக்கிறார்.

இப்போது அந்த நடு ஆள் குறைந்துகொண்டு வருகிறார். கிழக்கு லண்டனின் பிரிக் லேனிலும் அதைச் சுற்றியும் 2000களின் நடுப்பகுதியில் 60 கறிக் கடைகள் இருந்தன. 2020இல் 23. முதலாளிகளின் பிள்ளைகள் படித்து டொக்டராகவும் கணக்காளராகவும் போனார்கள். இரவு ஒரு மணிக்கு வீடு திரும்பும் தகப்பனைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அந்தக் கடைக்கு வராததில் பிழை இல்லை. ஊரிலிருந்து உறவுக்காரரைக் கூப்பிடும் வழியைச் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தது. ஒரு கட்டத்தில், பார்சல் விற்கும் கடை என்றால் வெளிநாட்டுச் சமையற்காரரை எடுக்க முடியாது என்றே விதி இருந்தது. பார்சல் விற்காத கறிக் கடை எங்கே இருக்கிறது?

எங்கள் மேசைக்கு வந்த பொடியன் ஒரு பல்கலைக்கழக மாணவன். சாப்பாடு முடிந்தபின் பேசிப் பார்த்தேன். வேலைக்கு வந்து ஐந்து வாரம். படிப்பு நாட்களில் வாரம் 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய விசா விடாது. வாரத்தில் மூன்று இரவு வருகிறான். அவனுக்கு ஒருவரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓடரைத் தொடுதிரையில் தட்டினால் முதல் சாப்பாடும் கறியும் ஒன்றாகவே குசினிக்குப் போய்விடுகிறது. அதே குசினிக்குச் செயலி வழியாகப் பார்சல் ஓடர்களும் வந்து விழுகின்றன. ஹெல்மெட்டோடு நான்கு பேர் பாரடியில் காத்து நிற்கிறார்கள். எது முதலில் வெந்ததோ அது வெளியே வரும். “ஏழு போகட்டும்” என்று சொல்ல ஆள் இல்லை. பெரியவர் ஒருவர்தான் இருக்கிறார், அவரும் கிழமையில் இரண்டு இரவு, முதலாளி கேட்டதற்காக. பக்கத்து மேசை ஆறு பேரும் அவருடைய பழைய வாடிக்கையாளர்கள். அவர்கள் ஓடரை அவர் தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோயிருக்கிறார்.

பில்லில் 12.5 வீதம் சேவைக் கட்டணம் போட்டிருந்தது. “இப்படிச் சேவைக்கு இதையும் குடுக்கவேணுமோ?” என்றாள் மனுசி. அந்தப் பணம் உனக்கு வருமா என்று பொடியனிடம் கேட்டேன். தெரியாது என்றான். எங்கள் காலத்தில் டிப்ஸ் எல்லாம் பாரில் ஒரு தகரப் பெட்டியில் விழும், ஞாயிற்றுக்கிழமை பிரிப்பார்கள், கோப்பை கழுவுபவனுக்குப் பங்கு இல்லை. 2009 ஐப்பசிவரை டிப்ஸைக் காட்டி அடிப்படைச் சம்பளத்தை நிரப்பவும் முதலாளிக்குச் சட்டம் இடம் கொடுத்தது. 2024 ஐப்பசி முதலாம் திகதியிலிருந்து புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிப்ஸும் சேவைக் கட்டணமும் முதலாளியின் பிடித்தம் இல்லாமல் தொழிலாளருக்கே போக வேண்டும், அதுவும் நியாயமாகப் பிரித்து. இதைப் பொடியனுக்குச் சொன்னேன். முழுப் பில்லையும் கட்டினேன். சேவை நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. அன்று அது மோசம்தான். ஆனால் தண்டிக்க வேண்டிய ஆள் அவன் இல்லை.

பெரியவர் மேற்சட்டையைக் கொண்டுவந்து மனுசிக்கு விரித்துப் பிடித்தார். எந்த ஊர் பாய் என்று கேட்டேன். சில்ஹெட், 1973இல் வந்தேன், தகப்பன் கப்பலில் வந்தவர் என்றார். நான் கென்ட்டில் கோப்பை கழுவியதைச் சொன்னதும் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கப்பலில் வந்த அவர் தகப்பனின் தலைமுறையைக் கரோலின் ஆடம்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி கிழக்கு லண்டனில் தேடிப் போய்ச் சந்தித்து, அவர்கள் வாயாலே கதை கேட்டு, 1987இல் புத்தகமாக்கினார். ஆயுப் அலியையும் குரேஷியையும் இன்று நாம் பெயர் சொல்லிப் பேச முடிவது பெரிதும் அந்தப் பதிவால்தான். அந்தப் புத்தகம் வந்த அதே வருடம்தான் நான் முதல் கோப்பையைக் கழுவினேன். லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ என்று எங்கள் ஆட்கள் நின்ற குசினிகளின் கதைகளும் அப்படித் தேடிக் கேட்கப்பட வேண்டியவை. உங்கள் வீட்டில் அந்த வேலை செய்த தகப்பனோ மாமாவோ இருந்தால், இந்த வருடமே பக்கத்தில் இருந்து கேளுங்கள், குரலைப் பதிவு செய்யுங்கள். பழைய மெனு அட்டை, சம்பளக் கடிதவுறை, ஓடர்த் தாள் எது கிடந்தாலும் எறியாதீர்கள்.